கேட் போட்ட நேரம்

இளவேனிலுக்கு இன்னும் இரண்டு வாரம்
என்கிறது தமிழ்ப் புத்தகம்.
அதை நேற்றே பரணில் போட்டாயிற்று.
அக்கவுண்டன்சியின் மைக்கறை மட்டும்
நடுவிரலில் மிச்சம்.

சனிக்கிழமை. மணி பதினொன்று.
கொருக்குப்பேட்டை கிளப்பில்
பழைய கேரம் போர்டைக் கழிக்கிறார்கள் என்று
பிளஸ்ஸிதான் சேதி கொண்டுவந்தாள்.
ஒரு மூலை ஊதியிருந்தது,
வலை மூன்றுதான்.
இருநூறு சொன்னதை நூற்று நாற்பதாக்கி
மிச்சத்தில் எத்தனை பிளேட் அத்தோ என்று
லோகா அங்கேயே வகுத்துவிட்டாள்.

ரெட் மட்டும் இல்லை.
யாரோ சாக்கடையில் விட்டார்களாம், போன தீபாவளிக்கு.
வேறு செட்டின் அநாதை வெள்ளை ஒன்றுக்கு
பெனாசிர் நெயில் பாலிஷ் பூசினாள்.
அவள் அக்கா நிக்காவுக்கு வாங்கிய சிவப்பு.
காயுமுன் தொட்டது யாரென்று தெரியவில்லை,
ஒரு பெருவிரல் ரேகை
அதிலேயே தங்கிவிட்டது.

போர்டைத் தலையில் கவிழ்த்து நாலு பேரும்
நிழலோடு நடந்துவந்தோம்.
லோகா வீட்டு மாடிக்குப் போகவேண்டும்.
நடுவில் ரயில்வே கேட்.
எங்களைப் பார்த்ததும் போட்டதுபோல் போட்டார்கள்.

வந்தது எண்ணெய் டேங்கர் ரயில்.
வந்து,
நின்றுவிட்டது.

கன்னியப்பன் அண்ணன் மீன்பாடி வண்டியில்
காசிமேட்டு ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
காலிப் பெட்டிமேல் போர்டை வைத்தோம்.
"எம்மா, இன்னாமா இது?"
"கேட் தொறக்கறவரைக்கும்ணா."
அவர் பீடியை அணைத்துவிட்டு
சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தார்.

போரிக் இல்லை, பிளஸ்ஸியின் முகப்பவுடர்.
வஞ்சிரமும் ரோஜாவும் கலந்த வாசனையில்
முதல் அடி.

கேட்டோரத்து வேம்பு சும்மா இருக்கவில்லை.
நிமிடத்துக்கு நாலு பூ.
ஸ்ட்ரைக்கர் போகும் வழியில் விழுந்து
நேர்க்கோட்டைக் கோணலாக்கியது.
ஊதக்கூடாது என்று சட்டம் போட்டோம்:
பூ விழுந்தால் பூவோடு அடி.

பைக்குகள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின.
ஹெல்மெட்டுகள் வட்டமாகச் சூழ்ந்தன.
"பாப்பா, கட் அடி, கட் அடி."
"கோணம் பத்தாது, பின்னால எடு."
லோகா நிமிராமலே சொன்னாள்:
"அண்ணா, நீங்க கேட்டைப் பாருங்க."

எங்கள் பக்கம் ஒரு வெள்ளை.
அவர்கள் பக்கம் இரண்டு கறுப்பு.
நடுவில் அந்த ரேகை பதிந்த ரெட்,
வெயிலில் லேசாக ஒட்டிக்கொண்டு.
சுண்டினேன்.
ஒரு வேப்பம்பூவையும் இழுத்துக்கொண்டு
வலையில்லாத மூலையில் இறங்கியது,
நேராகக் கன்னியப்பன் அண்ணன் உள்ளங்கையில்.

கூட்டம் கத்தியது.
ஃபாலோ பாக்கி.
விரலை வைத்தேன்.

ரயில் நகர்ந்தது.

நகரும்போதுதான் தெரிந்தது அதற்கு எவ்வளவு அவசரம்.
கேட் தூக்கியதும் அத்தனை ஹாரனும் ஒரே தொண்டையில்.
"வண்டிய எடுக்கணும்மா."
"அண்ணா, அஞ்சே செகண்ட்."
"பின்னாடி பஸ்ஸு நிக்குது பாரு."
போர்டை யாரும் எடுக்கவில்லை.
அவர் மெல்ல, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியதுபோல ஓட்ட,
ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபடி
பக்கத்திலேயே ஓடினோம்.

முதல் தண்டவாளம்: கறுப்பு இரண்டும் துள்ளின.
இரண்டாவது: பவுடர் டப்பா கீழே.
மூன்றாவதில்
எங்கள் வெள்ளை
தானாக எழுந்து, ஓரத்தில் நின்று,
யோசித்து,
விழுந்தது.

"ஃபாலோ!" என்றேன்.
"அடிக்கவே இல்லடீ!" என்றாள் பெனாசிர்.
"அது ரயில்வே போட்டது" என்றார் கன்னியப்பன் அண்ணன்,
யார் பக்கம் என்று சொல்லாமல்.

அத்தோ கடையில் அதே சண்டை.
மாடியில் விளக்குப் போட்டபின் அதே சண்டை.
ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்த பிளஸ்ஸி
செருப்பைக்கூடக் கழற்றாமல்
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பாயிண்ட் இன்னும் எழுதவில்லை.
அடுத்த சனிக்கிழமை
அதே கேட்டில் தீர்த்துக்கொள்வதாகப் பேச்சு.
ரயில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.